பார்ப்புக் காவல்

யோவானும் பூங்கனியும் என் பெரியம்மை பெற்ற பிள்ளைகள். யோவான் எனக்கு இரண்டு வயது இளையவன். பூங்கனி அவனுக்கும் எட்டு வயது இளையவள். அவளைக் கட்டியவர் ததேயுஸ், குளச்சல் கடற்கரையில் பிறந்தவர். நான் சொல்ல வந்தது யோவானைப் பற்றித்தான். ஆனாலும் ததேயுஸை விட்டுவிட்டு அவனைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருடம் ஒரே மீன்பிடி வள்ளத்தில் முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக இருந்தவர்கள்.

எங்கள் ஊர் குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களைத் தாண்டி மலைக்குள் இருக்கிறது. ஊருக்கு அந்தப் பக்கம் அணை. காகிதத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு. நாங்கள் டேம் என்று மட்டும்தான் சொல்வோம். அதில் மீன் பிடிக்க இருபத்தாறு வள்ளங்களுக்குச் சங்கம் பாஸ் கொடுத்திருக்கிறது. ஒரு பாஸில் இரண்டு பெயர். முன்னால் இருப்பவர் வலையையும் தூண்டிலையும் பார்க்க வேண்டும், பின்னால் இருப்பவர் துடுப்புப் போட வேண்டும். மார்கழி, தையில் டேம் நிறைந்து குளிர்ந்து கிடக்கும்போது வலையில் கட்லாவும் கெண்டையும் விழும். பங்குனி பிறந்து டேம் தண்ணீர், எங்கள் பேச்சில் வெள்ளம், இறங்கினால் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு விராலுக்குத் தூண்டிலோடு போவார்கள்.

பூங்கனி இளவயதில் அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். குளச்சலிலிருந்து ஐஸ் பெட்டியோடு வரும் மீன் வண்டியில் ததேயுஸ் வருவார். எங்கள் வீடுகள் மிஷன் சபை, அவர் மாதா கோயில். இரண்டு பக்கமும் ஒப்பவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் முடித்துவிட்டு வந்து ஊர் எல்லையில் ஓலைப்புரை போட்டு இருந்தார்கள். பெரியப்பா சாகும்வரை மருமகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. யோவானும் முதல் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர்களைப் பேசவைத்தது ஒரு தப்பு. கடற்கரையிலிருந்து வந்த ஒருவரைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள்.

விரால் தன் குஞ்சுகளைத் தனியே விடாது. ஆயிரக்கணக்கில் பொடிக் குஞ்சுகள் ஒரே உருண்டையாகச் சேர்ந்து நீந்தும். நெருப்புத் துண்டம் மாதிரி சிவப்பு நிறம். அதைத்தான் பார்ப்பு என்போம். தாயும் தகப்பனும் அடியில் காவல் கிடக்கும். ஒரு மாதம் போனால் குஞ்சுகள் கறுக்கத் தொடங்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் கலைந்து தனித்தனியாகப் போய்விடும். அதுவரை சிவப்புப் பார்ப்புக்கு அடியில் கிடக்கும் மீனை எங்கள் டேமில் ஒருவரும் தொடமாட்டார்கள். கடலிலோ கதை வேறு. வெள்ளத்தின் மேலே நிறம் மாறித் தெரிந்தால் மீன் கூட்டம் என்று அர்த்தம். பார்த்த மாத்திரத்தில் வலை போட வேண்டும், இரண்டாவது யோசனை கூடாது. ததேயுஸ் வந்த முதல் பங்குனியில் கரையில் நின்றுகொண்டு அப்படித்தான் வீச்சுவலையைச் சிவப்பின்மேல் எறிந்துவிட்டார். பார்ப்பில் பாதி வலைக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பெரிய மீனும் வந்தன.

அதற்கு ஊரில் ஒரு தண்டனை உண்டு. அடி, அபராதம் எதுவும் கிடையாது. காவல் மீனை எடுத்தவன் அந்த மீனின் வேலையைச் செய்ய வேண்டும். மிச்சப் பார்ப்பு கறுக்கும்வரை வெளுத்ததிலிருந்து பொழுது சாயும்வரை அங்கேயே இருந்து, நீர்க்காகத்தையும் மீன்கொத்தியையும் விரட்ட வேண்டும். ததேயுஸ் பதினோரு நாள் இருந்தார். மூன்றாம் நாள் யோவான் வள்ளத்தோடு வந்து, “வெயிலுல கிடந்து சாவாத. ஏறி இரி” என்றானாம். அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அது. பதினோராம் நாள் வரை இருவரும் வெள்ளத்தைத் துடுப்பால் அடித்துக்கொண்டு இருந்தார்கள். அடுத்த வருடம் ஒரே பாஸில் இருவர் பெயரும் வந்தது.

இதெல்லாம் பழைய கதை. இப்போது யோவானுக்கு அறுபத்தாறு, ததேயுஸுக்கு அறுபத்தொன்று.

யோவானுக்குக் கண் போனது மூன்று வருடத்துக்கு முன்னால். சுகர். ஒரு கண்ணில் நரம்பு முழுக்கப் போய்விட்டது, மற்றதில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனவர் ததேயுஸ். திரும்பி வரும் பஸ்ஸில் யோவான் கேட்டது ஒரே ஒரு காரியம்.

“சங்கத்துல சொல்லப் போறியா மாப்பிளே?”

“எதுக்குச் சொல்லணும்?”

“கண்ணு தெரியாதவன வள்ளத்துல ஏத்தப்பிடாதுன்னு இருக்குல்லா.”

“அத எழுதுனவன் உங்களப் பாக்கல்ல மச்சான்.”

அதோடு பேச்சு முடிந்தது. வீட்டில் பூங்கனிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அவன் ஏன் அப்படி வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தான் என்பதை அவன் வீட்டைப் பார்த்தால்தான் விளங்கும். மனைவி இறந்துபோய் ஆறு வருடமாகிறது. மகன் சிஜோ கத்தாரில் இருக்கிறான். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு டைல்ஸ் போட்டு மாடி வீடு கட்டினான். அப்போதே அப்பனுக்குப் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. வீட்டின் உருவம் அவன் மனசில் ஏறவே இல்லை. மருமகள் ஸ்மிதா நல்ல பிள்ளை, நேரத்துக்குச் சோறு போடுவாள். மாமனாருக்குப் பார்வை மங்கல் என்பதற்குமேல் அவளுக்குத் தெரியாது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை கழுவித் துடைத்து நாற்காலிகளை இடம் மாற்றிவிடுவாள். அவன் முழங்காலில் எப்போதும் ஒரு புதுக் காயம் இருக்கும். “நடுவீட்டுல முட்டிக்கிட்டு நிக்கேன் அக்கா. டேம்ல எந்த மூலையில விட்டாலும் நான் எங்க இருக்கேன்னு தெரியும்” என்று என்னிடம் ஒருநாள் சொன்னான். அழுது சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னான்.

உள்ளதுதான். மார்கழி, தையில் அவனைவிட நல்ல வேலைக்காரன் டேமில் இல்லை. டேம் கட்டும்போது முங்கிப்போன மரங்களின் அடிக்குற்றிகள் இன்னும் உள்ளே நிற்கின்றன. வெள்ளம் நிறைந்திருக்கும்போது கண்ணுள்ளவனுக்கும் அவை தெரியாது. வலை மாட்டிக் கிழிந்தபிறகுதான் தெரியும். யோவானுக்கு ஒவ்வொரு குற்றியும் பாடம். மேல் ஓடை விழும் சத்தம் எந்தக் காதில் கேட்கிறது, அக்கரைச் சபையில் மைக் போட்டால் எந்தப் பக்கமிருந்து வருகிறது, இதை வைத்தே வள்ளம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவான்.

“இடத்தே பக்கமாப் பிடி. அடியில பலாக்குற்றி கிடக்கு.”

“உங்களுக்குக் கண்ணு தெரியல்லன்னு எவன் சொன்னான்?”

“நீதான் சொல்லாண்டாம்னுட்டியே.”

வலையை இழுப்பதும் விரலின் வேலைதான். குளிரில் விரல் மரத்துப்போகும், அது கண்ணுள்ளவனுக்கும் அப்படித்தான். கரைக்கு வந்ததும் ததேயுஸ் துடுப்பால் வள்ளத்தின் பக்கப் பலகையில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் இடது, இரண்டு தட்டு என்றால் வலது. மூன்று என்றால் முன்னால் ஆள் நிற்கிறது. யோவான் அதைக் கேட்டு, கண்ணால் பார்த்தவன்போல இறங்கி நடந்துபோவான்.

ததேயுஸுக்கோ வலது தோள் போய்விட்டது. கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. சட்டை போடப் பூங்கனி கைகொடுக்க வேண்டும். “ரெண்டு பேருக்குமாச் சேத்து ரெண்டு கண்ணு, மூணு கை. இத வச்சு ஒரு முழு மனுசனக் கூட உண்டாக்க முடியாது” என்று அவள் சிரிப்பாள். பிறகு அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைப்பாள். காலையில் அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். ‘இன்றைக்குப் போகவில்லை’ என்று சொல்ல வாய் எடுப்பாராம். அவர் போகாவிட்டால் யோவானோடு யார் போவார்கள்? துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்படி மூன்று வருடம்.

முதல் இரண்டு பங்குனியும் எப்படியோ தட்டித் தடவிப் போய்விட்டன. விரால் வேலை கண்ணால் செய்கிற வேலை. வெள்ளம் இறங்கிக் குற்றிகளெல்லாம் வெளியே தெரியும். அப்புறம் யோவானின் பாடம் யாருக்கு வேண்டும்? கறுத்த பார்ப்போ, மீன் மூச்சுவிட மேலே வந்து போன குமிழோ எங்கே தெரிகிறது என்று பார்க்க வேண்டும். அந்த இடத்திலேயே தூண்டிலில் கட்டிய தவளையைச் சாடவிட வேண்டும். ஒரு முழம் தள்ளிப் போனாலும் மீன் ஏறாது. ததேயுஸ் மெதுவாகச் சொல்வார், “வலத்தே, ரெண்டு பாகம்.” பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், கடல்காரர்களின் கணக்கு. யோவான் வீசுவான். அது பக்கத்தில் போய் விழும்.

இந்த வருடம் பங்குனி பிறந்ததும் சங்கச் செயலாளர் ஜெயசிங் தராசுப்புரையில் எல்லாரையும் கூட்டினார். தராசுப்புரை என்றால் மீன் நிறுக்கும் தகரக் கொட்டகை. ஜெயசிங் நல்ல மனுசன், வளைந்துகொடுக்கமாட்டார். பாஸ் கேட்டு நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்யாத வள்ளங்களை இனி விடமுடியாது, பங்குனி முடிவதற்குள் ஒரு விராலாவது கரைக்குக் கொண்டுவராத வள்ளத்தின் பாஸ் அடுத்த ஆளுக்குப் போகும் என்றார். அடுத்த ஆள் ஜினோ. முப்பது வயது. அவனும் அவன் மச்சினனும் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார்கள்.

ஜினோ வம்புக்காரன் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது.

“யோவான் மாமா, உங்க தவளைக்கு நீந்தப் படிச்சுக் குடுக்கியளா? தெனமும் போவுது, தெனமும் உயிரோட திரும்பி வருது.”

“உனக்குப் பசிச்சா வீட்டுக்கு வா மக்கா. வள்ளத்தப் பாத்து வாயில வெள்ளம் விடாத” என்றான் யோவான்.

எல்லாரும் சிரித்தார்கள். யோவானும் சிரித்தான்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு மீன் இல்லை. வெயிலில் நாள் முழுக்க வள்ளத்தில் இருந்துவிட்டு வெறுங்கையோடு வருவார்கள். ததேயுஸின் தோளில் பூங்கனி கொட்டஞ்சுக்காதி எண்ணெய் போட்டுத் தேய்ப்பாள். “உள்ளதச் சொல்லிட்டு ரெண்டு பேரும் வீட்டுல இருங்களேன்” என்று அவள் சொன்னபோது, “உங்க அண்ணன எந்த வீட்டுல இருக்கச் சொல்லுத?” என்று கேட்டாராம்.

பங்குனி முடிய இரண்டு நாள் இருந்தபோது, வடக்கே கரை உள்வாங்கி வளையும் ஆமைப்பாறை மடக்கில் ததேயுஸ் ஒரு பார்ப்பைக் கண்டார். பாறைக்கும் புல்லுக்கும் நடுவே அகலமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு முதுகு புரண்டதையும் கண்டார். கைநீளத்துக்குக் குறையாத மீன். துடுப்பை நிறுத்தினார்.

யோவானுக்குத் தெரிந்துவிட்டது. “பார்ப்பா?”

“ஆமா.”

“நிறம் என்ன?”

அந்த இடத்தை ததேயுஸ் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்போது தோள் வலித்ததாம். உச்சி வெயில். அடுத்த மடக்குக்குத் துடுப்புப் போடக் கையில் வலு இல்லை. நாளைக்கு ஒருநாள்தான் மிச்சம். பார்ப்பு நல்ல சிவப்பு.

“கறுத்தாச்சு மச்சான்” என்றார்.

யோவான் வெள்ளத்தின் பக்கம் தலையைச் சாய்த்தான். பிறகு, “எங்க?” என்று கேட்டான்.

“நேரே. மூணு பாகம்.”

அந்த வருடத்திலேயே முதல்முறையாகத் தவளை சொன்ன இடத்தில் விழுந்தது. விழுந்ததும் மீன் பிடித்தது. பசிக்குப் பிடித்ததில்லை. குஞ்சுக்கு நடுவே விழுந்ததை விரட்டப் பிடித்தது. யோவான் எழுந்து நின்று இழுத்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் வள்ளத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்ததாக ததேயுஸ் சொன்னார்.

தராசுப்புரையில் ஒரு மணிநேரம் நல்ல மரியாதை இருந்தது. நாலு பேர் வந்து கைகொடுத்தார்கள். மீன் இரண்டரைக் கிலோ. ஜெயசிங்கே, “கொள்ளாம் யோவானண்ணே. நமக்கும் சமாதானம்” என்றார்.

அப்புறம் ஜினோ வந்தான். அவன் கரைவழியாக ஆமைப்பாறைப் பக்கம் தூண்டிலோடு போய்விட்டு வந்திருக்கிறான். முகத்தில் கேலி இல்லை.

“ஆமப்பாறை மடக்குல செவப்புப் பார்ப்பு கிடக்கு. ஒத்த மீனு அடியில கிடந்து சுத்திட்டே இருக்கு. இன்னொண்ணக் காணல்ல. நீர்க்காக்கா நாலஞ்சு வந்து இறங்கியாச்சு. இந்த மீனு எங்க கிடந்து கிட்டிச்சு மாமா?”

ஜெயசிங் கத்தியை எடுத்து மீனின் வயிற்றைக் கீறினார். குடல் ஒட்டிப்போய் வெறுமையாக இருந்தது. குஞ்சுக்குக் காவல் கிடக்கும் விரால் இரை எடுக்காது. எங்கள் ஊரில் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும்.

“காவல் கிடந்த மீனுல்லா இது” என்றார் ஜெயசிங். “நீங்களா அண்ணே? பாக்காம எறிஞ்சிட்டியளா?”

இங்கேதான் யோவான் மாட்டிக்கொண்டான். பார்க்கவில்லை என்றால், ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வி வரும். கண் விஷயம் வெளியே வரும். பாஸ் போய்விடும். பார்த்தேன் என்றால் தண்டனை காவல் மட்டும்தான். வள்ளம் அவனிடமே இருக்கும். பெயர் மட்டும் கெடும்.

“பாத்துட்டுத்தான் எறிஞ்சேன்” என்றான் யோவான்.

“செவப்புன்னு தெரிஞ்சா?”

“தெரிஞ்சுதான்.”

கூட்டத்தில் ஒரு கிழவர் சத்தமாகக் காறித் துப்பினார். “பாஸுக்காவண்டி சிவப்புல எறிஞ்சானாம். இவனுக்க அப்பன் இருந்திருந்தா இந்த மீன இவன் மூஞ்சியிலேயே எறிஞ்சிருப்பான்.” ஜினோ தலையைக் குனிந்துகொண்டான். யோவான் அசையாமல் நின்றான். எந்தப் பக்கம் ஆள் நிற்கிறது என்று தெரியாததால், ஒருவரும் இல்லாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ததேயுஸ் பின்னால் துடுப்போடு நின்றிருந்தார். சும்மா இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். காவல் இருந்துவிட்டு அடுத்த மார்கழிக்கு வலையோடு போயிருப்பார்கள்.

“அவருக்குக் கண்ணு தெரியாது” என்றார்.

“லே, வாய மூடு” என்றான் யோவான். முப்பத்தைந்து வருடத்தில் தங்கச்சி மாப்பிள்ளையை அவன் ‘லே’ போட்டுப் பேசியது அந்த ஒருமுறைதான்.

“மூணு வருசமாத் தெரியாது. நிறம் என்னன்னு எங்கிட்டதான் கேட்டாரு. கறுத்தாச்சுன்னு நான்தான் பொய் சொன்னேன். தப்பு எனக்கதாக்கும். அவரத் துப்பாதீங்க.”

ஏன் சொன்னீர்கள் என்று பிறகு நான் கேட்டேன். மச்சானின் பெயரைக் காப்பாற்றத்தானே என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. “அதுவும் உண்டு மைனி. ஆனா எனக்கு அசந்து போச்சு. இன்னொரு வருசம் இப்பிடித் தட்டித் தட்டிக் கூட்டிட்டுப் போவணுமான்னு ஒரு நினைப்பு வந்துது. அந்த நினைப்பும் கூட இருந்துதுன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

ஜெயசிங் பாஸ் புத்தகத்தை எடுக்கவில்லை. “காவல் முடியட்டும். வள்ளம் அதுவரை உங்ககிட்ட இருக்கட்டும். அப்புறம் ஜினோவுக்குக் குடுப்போம்” என்று மட்டும் சொன்னார். பிறகு யோவானின் தோளில் கைவைத்தார். யோவான் அந்தக் கையை எடுத்துவிட்டான்.

அடுத்தநாள் காலை ததேயுஸ் தனியாகத்தான் கிளம்பினார். தப்பு அவருடையது. முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் போய் ஏறிய யோவான் கதவைத் திறக்கவில்லை. அவர் துறைக்குப் போனபோது வள்ளத்தின் முன்னால் யோவான் உட்கார்ந்திருந்தான். ஸ்மிதா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

“காவல் எனக்குத்தானே மச்சான்?”

“வள்ளத்தத் தள்ளு” என்றான் யோவான்.

ஆமைப்பாறை மடக்கில் இரண்டு நாள் பேச்சே இல்லை. நீர்க்காகம் இறங்கும் சத்தம் கேட்டால் யோவான் ஒரு பலகையால் வெள்ளத்தை அடிப்பான். ததேயுஸ் இடது கையால் துடுப்பை அடிப்பார். மிச்சமிருந்த ஒற்றை விரால் இவர்களுக்குப் பயப்படாமல் அடியில் சுற்றும். வெயில் ஏறும், இருவரும் தலையில் துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். பூங்கனி கொடுத்துவிட்ட மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் ஒரே பாத்திரத்தில் இருக்கும். ஒருவர் தின்றுவிட்டு மற்றவர் பக்கம் தள்ளுவார்.

மூன்றாம் நாள் யோவான் வாயைத் திறந்தான்.

“பார்ப்பு மூச்சுவிட மேல வரும்போ ஒரு சத்தம் கேக்கும். தூத்தல் விழுத மாதிரி. நீ கேட்டதுண்டா?”

“இல்ல.”

“கேட்டுப் பாரு.”

ததேயுஸ் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஆயிரம் பொடி வாய்கள் ஒன்றாக மேலே வந்து போயின. சின்னத் தூறல்தான்.

“செவப்பா இருக்கும்போ ஒண்ணாத்தான் வரும். கறுத்த பொறவு ஒண்ணொண்ணா, அங்கயும் இங்கயும் வரும்” என்றான் யோவான். “அண்ணைக்கு ஒண்ணாத்தான் வந்துது.”

ததேயுஸுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“அப்ப உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பொறவு எதுக்கு எறிஞ்சியோ?”

“எனக்கும் ஒரு மீனு வேண்டியிருந்துது” என்றான் யோவான். “நீ கறுத்தாச்சுன்னு சொன்னது எனக்குச் சௌகரியமாப் போச்சு. நான் தராசுப்புரையில சொன்னதுல பொய் ஒண்ணும் கிடையாது கேட்டியா? கண்ணால பாத்தேன்னு சொன்னது மட்டும்தான் கூடுதல்.”

ததேயுஸுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. தோள் குலுங்கியதில் வலி வந்து, ‘அம்மோ’ என்று பிடித்துக்கொண்டார். யோவானும் சிரித்தான். ஐந்தாறு நீர்க்காகங்கள் பாறையிலிருந்து எழும்பிப் போயின.

அதன்பிறகு நாள்கள் லேசாகப் போயின. லேசாக என்றால் பேச்சு இருந்தது என்று அர்த்தம். களைப்பு அதே களைப்புதான். தினமும் சாயங்காலம் வள்ளத்தைத் திருப்பும்முன் யோவான் கேட்பான்.

“நிறம் என்ன?”

“சிவப்புதான்.”

“சரி. நாளைக்கு வருவோம்.”

பத்து நாள், பன்னிரண்டு நாள், பதினான்கு நாள். பதினாறாம் நாள் ஜினோ கரைவழியாக வந்து பாறையில் ஏறி நின்றான். வெள்ளத்தை எட்டிப் பார்த்தான். இவர்களைப் பார்த்தான். மறுபடியும் வெள்ளத்தைப் பார்த்தான்.

“மாமா, எதுக்குக் காவல் கிடக்கியோ?”

“பார்ப்புக்கு” என்றார் ததேயுஸ்.

“எந்தப் பார்ப்பு? நான் செவ்வாய்க்கிழமை வந்து பாத்தேன். கறுத்துக் கலஞ்சு எல்லாமே போயாச்சு. இப்ப இஞ்ச தவளைதான் கிடக்கு.”

செவ்வாய்க்கிழமை என்றால் நான்கு நாளாகிறது. ததேயுஸ் யோவானைப் பார்த்தார். யோவானின் முகம் வெள்ளத்தின் பக்கம் இருந்தது.

“மச்சான், நான் வந்து…”

“தூத்தல் நின்னு நாலு நாளாச்சு” என்றான் யோவான். “எனக்குக் காது நல்லாக் கேக்கும்.”

ஜினோ தலையைச் சொறிந்தான். “வள்ளம் எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல மாமா. வைகாசில போரும். இன்னும் ரெண்டு நாளு வேணும்னா…”

“வேண்டாம் மக்கா” என்றான் யோவான். “எங்க ரெண்டு பேருக்கும் மேலுக்கு முடியல்ல. எப்படா நிப்பாட்டுவோம்னு ஒருத்தனுக்கு ஒருத்தன் பாத்துட்டு இருந்தோம். நீ வந்து சொன்னது நல்லதாப் போச்சு. தொறைக்கு வா, எடுத்துக்க.”

துறைக்கு வரும் வழியில் வள்ளத்தின் முன்னால் இருந்தவன் கையை வெள்ளத்துக்குள் விட்டுக்கொண்டே வந்தான். கரை சேர்ந்ததும் வள்ளத்தை இழுத்துக் கட்டினார்கள். வலையும் தூண்டிலும் உள்ளேயே கிடக்கட்டும் என்று யோவான் சொல்லிவிட்டான். துடுப்பு மட்டும் ததேயுஸின் சொந்தத் துடுப்பு, அதை எடுத்துக்கொண்டார்.

நான் அன்றைக்குத் தராசுப்புரைப் பக்கம் மீன் வாங்கப் போயிருந்தேன். யோவான் கரையில் ஏறி நின்றதைப் பார்த்தேன். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றான். எல்லாருக்கும் தெரிந்த பிறகு இனிக் கையைப் பிடித்தே கூட்டிப்போகலாமே என்று நினைத்துக்கொண்டு நான் இரண்டு எட்டு வைத்தேன். அதற்குள் பின்னாலிருந்து ததேயுஸ் துடுப்பின் அடியால் கல்லில் தட்டினார். இரண்டு தட்டு.

யோவான் வலது பக்கம் திரும்பி வீட்டுப் பாதையில் நடந்தான். ததேயுஸ் துடுப்பைத் தோளில் தூக்கி வைக்க முடியாமல் தரையில் இழுத்துக்கொண்டே அவன் பின்னால் போனார்.